மாணவர்கள் பலர் வேதனை

சன்னலைத் திறந்தால் மலை தெரியும் ஒரு கல்லூரியில் ‘மலைமுகம்’ என்றொரு மாணவர் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. மாதம் ஒரு முறை, நான்கு பக்கம். முதல்வர் படம் இல்லாத இதழ்கூட அதில் ஒன்றிரண்டு வந்ததுண்டு. ‘பலர்’ இல்லாத இதழ் வந்ததில்லை.

கேன்டீன் டீயில் சீனி குறைந்துவிட்டதாகப் பலர் குறைபட்டுக்கொள்வார்கள். கவிதைப் போட்டி முடிவில் பலர் அதிருப்தி அடைவார்கள். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கூரை வராதா என்று பலர் ஏங்குவார்கள். போட்டியில் பரிசு கிடைக்காதவனே அந்தச் செய்தியை எழுதியிருப்பான். ஆனாலும் அந்தப் பலர் யாரப்பா என்று ஒருவரும் கேட்டதில்லை. பத்திரிகை என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது என்று படிப்பவர்களும் விட்டுவிடுவார்கள்.

பத்திரிகையின் பொறுப்பாசிரியர் அருமைநாயகம். தமிழ்த்துறைப் பேராசிரியர். வாயால் பேசுவது குறைவு, சிவப்புப் பேனாவால் பேசுவது அதிகம். ஒவ்வோர் ஆண்டும் பத்திரிகையில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் ஒரே ஒரு விதி சொல்வார்.

“செய்தியில ‘நான்’ வரக்கூடாது. பாத்ததை எழுது. உன்னை எழுதாத.”

பிள்ளைகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் அதை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டவள் ஷமீமா. கடையநல்லூர்ப் பெண். இரண்டாம் ஆண்டிலேயே மாணவ ஆசிரியர் ஆகிவிட்டாள். அருமைநாயகம் ‘நன்று’ என்று எழுதிவிட்டால் அன்றைக்கு அவளுக்கு விடுதிச் சாப்பாடுகூட ருசிக்கும்.

ஜூன் மாதம் கல்லூரி திறந்த அன்று அவள் அவர் அறைக்கு வந்தாள்.

“சார், லைப்ரரியில செண்பகவல்லி அக்கா இல்ல. வேற ஒருத்தங்க உக்காந்திருக்காங்க.”

“ஆமா.”

“லீவா சார்?”

“இல்லம்மா. மே மாசத்தோட நிறுத்திட்டாங்க.”

செண்பகவல்லி நூலக உதவியாளர். தற்காலிக வேலை. ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள். ஆறு ஆண்டுகளாகத் தவறாமல் புதுப்பித்தார்கள்.

“ஏன் சார் நிறுத்தினாங்க?”

அருமைநாயகம் மேசை இழுப்பறையிலிருந்து மார்ச் மாத ‘மலைமுகம்’ இதழை எடுத்து, மூன்றாம் பக்கத்தைத் திருப்பி வைத்தார். ‘நூலகத்தில் அவமதிப்பு: மாணவர்கள் பலர் வேதனை’ என்று தலைப்பு. கீழே ஷமீமாவின் பெயர்.

“இதை வெட்டி அவங்க ஃபைல்ல ஒட்டியிருக்காங்க. எனக்கே நேத்துதான் தெரியும்.”

ஷமீமா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் பொய் எழுதல சார்.”

“எழுதினன்னு நான் சொல்லலையே.”

“அப்ப நான் பண்ணது தப்பா?”

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

“அந்தப் பலர் பேரை இதுல எழுது.”

அவள் மளமளவென்று எழுத உட்கார்ந்தாள். ஷமீமா என்று முதலில் எழுதினாள். பூரணி என்று அடுத்து எழுதினாள். விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. கொஞ்சம் யோசித்து ஜெனிட்டா என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. மீதித் தாள் வெள்ளையாகக் கிடந்தது.

“மூணு பேர் இருக்கோம் சார்.”

“சரி. மத்த ரெண்டு பேர்ட்டயும் போய்க் கேட்டுட்டு வா. செண்பகவல்லி அவங்களை என்ன சொன்னாங்கன்னு.”

பூரணி விடுதியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னையா? என்னை அந்த அக்கா ஒண்ணும் சொல்லலையே. நீதான் அன்னைக்கு அழுதுட்டே வந்த. உன்னைப் பாக்கப் பாவமா இருந்துச்சு. நானும் ‘ஆமாடி, அவங்க மோசம்’னேன்.”

“நீ ஏன் அப்படிச் சொன்ன?”

“ஃப்ரெண்டுன்னா அப்படித்தானடி சொல்லுவாங்க.”

ஜெனிட்டா இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். “எனக்குப் பூரணி சொன்னா. அந்த அக்கா என்கிட்ட ஃபைன்கூட வாங்கினதில்ல.”

ஷமீமா இரண்டு பெயர்களையும் அடித்தாள். திரும்பி வருவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது அதில் ஒரே ஒரு பெயர் மிச்சமிருந்தது.

அருமைநாயகம் அதைப் பார்த்தார்.

“பெறகு ஏன் ‘பலர்’னு போட்ட?”

அவள் மேசை மேல் இருந்த தாளின் ஓரத்தை மடித்தாள்.

“சொல்லும்மா.”

“சொன்னா நீங்க தப்பா நெனைச்சுக்குவீங்க சார்.”

“நெனைக்கல. சொல்லு.”

“நீங்கதான் சார் ‘நான்’ வரக்கூடாதுன்னு சொன்னீங்க.”

அருமைநாயகம் எழுந்து பீரோவைத் திறந்தார். எட்டு ஆண்டுகளாக வந்த செய்திகளின் கையெழுத்துப் படிகளை அவர் கட்டுக் கட்டாக வைத்திருந்தார். மார்ச் மாதக் கட்டை எடுத்துப் பிரித்தார். நூலகச் செய்திக்கு இரண்டு படிகள் இருந்தன.

முதல் படியில் ஷமீமா விதியை மறந்து இப்படி எழுதியிருந்தாள்: ‘பிப்ரவரி 12 அன்று மாலை 4.35க்கு நூலகத்துக்குச் சென்றேன். நூலக உதவியாளர் என்னைக் கடிந்து பேசிக் கதவைச் சாத்தினார்.’ அந்த ‘என்னை’யைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். ஓரத்தில் அவர் கையெழுத்தில், ‘செய்தியில் நான் கூடாது. மாற்று.’

இரண்டாம் படி: ‘நூலகத்தில் தாங்கள் கடிந்து விரட்டப்படுவதாக மாணவர்கள் பலர் வேதனை தெரிவிக்கின்றனர்.’ அதன் ஓரத்தில் சிவப்பில் ஒரே சொல். ‘நன்று.’

தேதி இருந்தது. நேரம் இருந்தது. ஆள் இருந்தது. எல்லாம் போய், அந்த இடத்தில் ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு அவர் நன்று என்று எழுதியிருந்தார். அருமைநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது. அவள் முன்னால் அதை மறைக்கவும் தெரியவில்லை.

அவர் வேறு கட்டுகளையும் பிரித்தார். சீனி குறைந்த டீ, கவிதைப் போட்டி, சைக்கிள் கூரை. ஒவ்வொன்றிலும் முதல் படியில் ஒரு ‘நான்’, அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். இரண்டாம் படியில் ‘பலர்’. சைக்கிள் கூரைக்கு மட்டும் உண்மையிலேயே நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒன்றை அடித்தால் அந்த இடத்தில் எது வந்து உட்காரும் என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

“எல்லாத்துலயும் இப்படியா சார்?”

“எட்டு வருஷமா.”

அன்று மதியமே இரண்டு படிகளையும் எடுத்துக்கொண்டு இருவரும் முதல்வரைப் பார்க்கப் போனார்கள். முதல்வர் கெட்டவர் இல்லை. பொறுமையாகப் படித்தார்.

“மூணாம் தேதி புது ஆள் சேர்ந்தாச்சே சார். அவங்களை இப்ப போங்கன்னா சொல்ல முடியும்?”

“செண்பகவல்லியை நிறுத்துறதுக்கு முந்தி விசாரிச்சிருக்கலாம் சார்.”

“ஒருத்தர் சொன்னாங்கன்னா ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சு, என்ன ஏதுன்னு கேட்டிருப்பேன். பலர்னு போட்டிருந்துச்சு. யாரைக் கூப்பிட? உங்க பத்திரிகைதானே, நீங்க பாக்காமலா போட்டிருப்பீங்கன்னு நம்பினேன்.”

அருமைநாயகம் தலையசைத்தார். அதில் மறுக்க ஒன்றும் இல்லை.

“வேணும்னா ஒரு திருத்தம் போட்டுக்கோங்க. நாலாம் பக்கத்துல, சின்னதா,” என்றார் முதல்வர்.

வெளியே வந்ததும் ஷமீமா கேட்டாள்.

“இனி ஒண்ணுமே செய்ய முடியாதா சார்?”

“சனிக்கிழமை வா. அவங்க ஊருக்குப் போவோம்.”

“போனா வேலை கெடச்சிருமா?”

“கெடைக்காது.”

“பெறகு எதுக்கு சார்?”

“நீ வரலைன்னாலும் நான் போவேன்,” என்றார் அருமைநாயகம்.

சனிக்கிழமை சாரல் பிடித்திருந்தது. பாவூர்சத்திரத்தில் இறங்கி வேறு பஸ் மாறி, அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்தார்கள். ஷமீமாவிடம் குடை இருந்தது. விரிக்க மறந்துவிட்டாள்.

செண்பகவல்லி வாசல் நடையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் சொளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். நூலகப் படிப்புப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். ஆறு ஆண்டுகளாகப் புத்தக அட்டைகளில் எண் எழுதிய விரல்கள் இப்போது நூல் கட்டிக்கொண்டிருந்தன. இவர்களைப் பார்த்ததும் சொளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“வாங்க சார். வாம்மா. என்ன இப்படி நனைஞ்சிட்டு வாரீய? உள்ள வந்து உக்காருங்க.”

தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். துடைக்கத் துண்டு தந்தாள். காலேஜில் எல்லாரும் சொகமா என்று கேட்டாள். ஷமீமா துண்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாளே தவிர, துடைக்கவில்லை.

“அக்கா, அந்தச் செய்தியை எழுதினது நான்தான்.”

“தெரியும்மா. உன் பேரு போட்டிருந்துச்சே.”

“உங்களுக்கு என் மேல கோவம் இல்லையா?”

“நீ எழுதத்தான செஞ்ச. பிள்ளைக வந்து சொல்லியிருக்கு, நீ எழுதியிருக்க. சொன்னது யாரு யாருன்னுதான் எனக்குத் தெரியல.”

செண்பகவல்லி சொளகை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கை சும்மா இருந்தால் அவளுக்குப் பேச வராது போலிருக்கிறது.

“பேப்பர் வந்த மறுநாள்லருந்து, புத்தகம் எடுக்க வார ஒவ்வொரு பிள்ள மூஞ்சியையும் பாப்பேன் சார். இவளா இருக்குமோ, இவனா இருக்குமோன்னு. ஒரு பிள்ள எங்கிட்ட தெனம் ‘சாப்பிட்டீங்களாக்கா’ன்னு கேக்கும். அது கேக்கும்போதும் எனக்கு அப்படித்தான் தோணும். நல்லா சிரிச்சுப் பேசிட்டு, அங்க போய்ச் சொல்லியிருக்குமோன்னு. அதுக்குப் பெறகு யார்கிட்டயும் எனக்கு முன்ன மாதிரி பேச வரல.”

ஒரு பீடியின் தலையை மடித்து வைத்தாள்.

“இப்பமும் சந்தைக்குப் போனா, காலேஜ் பிள்ளைக வாரதப் பாத்தா வேற தெருவுல போயிருதேன்.”

ஷமீமா அருமைநாயகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் சொல்லியாக வேண்டியிருந்தது.

“யாருமே சொல்லலக்கா.”

“என்னது?”

“ஒருத்தர்கூட சொல்லல. நான் மட்டுந்தான்.”

செண்பகவல்லியின் விரல்கள் நின்றன.

“நீ மட்டுமா?”

“ஆமாக்கா.”

“நீ ஒருத்திதானா?”

“ஆமா.”

செண்பகவல்லி எதையோ தேடிக் கண்டெடுத்தவள் மாதிரிக் கேட்டாள்.

“பூட்டுற நேரத்துல, நாலரைக்கு மேல வந்தியே, அன்னைக்கா?”

“அன்னைக்குத்தான்.”

“அன்னைக்குக் கத்தினேன்மா. இல்லைன்னு சொல்லல. நாலே முக்கா பஸ்ஸை விட்டா அடுத்தது ஆறரைக்குத்தான். எம்பிள்ள பள்ளிக்கூட வாசல்ல ஒத்தையில நிக்கும். அந்த அவதியில கத்திட்டேன்.”

“எனக்குத் தெரியாதுக்கா.”

“ஒனக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லலையே. வீட்டுக்கு வந்த பெறகு மனசு கேக்கல. மறுநாள் காலையில நீ கேட்ட அந்தப் பழைய பேப்பர் கட்டைத் தேடி எடுத்துத் தொடைச்சு, மேசை மேல வச்சிருந்தேன். நீ வந்தா தரலாம்னு. ஒரு வாரம் அப்படியே இருந்துச்சு. நீ வரல.”

ஷமீமா அந்த மறுநாள் காலையில்தான் முதல் படியை எழுதி அருமைநாயகத்திடம் கொடுத்திருந்தாள். சாயங்காலம் அவருடைய ‘நன்று’ வந்துவிட்டது. அதற்குப் பிறகு நூலகம் பக்கம் போகவில்லை. அதை அவள் இங்கே சொல்லவில்லை. அழுகை வந்துவிட்டது.

“ஒருத்தின்னு போட்டிருந்தா இது நீதான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்லா,” என்றாள் செண்பகவல்லி. “நேரா ஒன்கிட்ட வந்து பேசியிருப்பேனே. அவ்வளவு பேருகிட்டயும் எங்க போய்ப் பேச?”

அருமைநாயகம் தொண்டையைச் செருமினார்.

“அவ மொதல்ல ஒருத்தின்னுதான் எழுதினாம்மா. நான்தான் அடிச்சேன்.”

செண்பகவல்லி அவர் பக்கம் திரும்பினாள். கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

“அதுக்கென்ன செய்ய சார். பேப்பர்னா அதுக்குன்னு ஒரு மொறை இருக்கும்லா,” என்றாள் அவள்.

அதற்கு மேல் அங்கே இருக்க அவரால் முடியவில்லை. விடைபெற்றுக்கொண்டு எழுந்தார்கள். செண்பகவல்லி வாசல் வரை வந்தாள். மழை வலுக்கும் முன்னால் போய்ச் சேருங்க என்றாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. இவர்களும் அதைக் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் வேறு ஆள் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே இருவரும் நின்றார்கள். ஷமீமா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

“திருத்தம் எழுதி வச்சிருக்கேன் சார். முந்தாநேத்தே எழுதிட்டேன்.”

அவர் வாங்கிப் படித்தார்.

‘மார்ச் இதழில் வெளியான நூலகச் செய்தியில் தகவல் பிழை நேர்ந்துவிட்டது. இத்தவறுக்கு வருந்துகிறோம். – ஆசிரியர் குழு.’

“ஆசிரியர் குழுன்னா யாரு யாரும்மா?” என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். “பதினோரு பேர் சார்.”

“இந்தச் செய்தியை எழுதினதும் அடிச்சதும் அந்தப் பதினோரு பேருமா?”

அவள் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். ‘ஆசிரியர் குழு’வைப் பேனாவால் அடித்தாள். ‘வருந்துகிறோம்’ என்பதில் பேனா வந்து நின்றது.

“அப்ப ‘நாங்கள் இருவரும் வருந்துகிறோம்’னு போடட்டுமா சார்?”

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அருமைநாயகம் கையை நீட்டி அதை நிறுத்தச் சொல்லிக்கொண்டே பேசினார்.

“‘நான்’னு ஆரம்பிச்சு, என் பேரைப் போட்டு, என்னுதை நான் எழுதித் தாரேன். உன்னுதை நீ எழுது. ரெண்டையும் தனித்தனியாப் போடு ஷமீமா, ஒண்ணாச் சேத்துராத.”